பொறுமையும் மருந்தும்

தூத்துக்குடியிலிருந்து தென்மேற்கே செல்லும் சாலையில் சாயர்புரம் என்னும் சிற்றூர் இருக்கிறது. தமிழ் பயின்றோர் அவ்வூரின் பெயரை மறக்க மாட்டார்கள். 1842-ஆம் ஆண்டில் ஜி.யு. போப் அங்கு வந்து தங்கிக் கல்விக்கூடம் நடத்தினார். பிற்காலத்தில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தவர் அவரே. அவர் பெயரால் எழுந்த கல்லூரி இன்றும் அங்கு நடந்து வருகிறது. அண்மையில் நாம் அவ்வூருக்குச் சென்றது அந்தப் பெரியாரின் நினைவை நாடித்தான். ஆனால் திரும்பி வருகையில் நம் நெஞ்சை நிறைத்திருந்தது போப் அல்லர். கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடை வாசலில் கேட்ட ஒரு சொல்.

நம்முடன் வந்திருந்த தமக்கையார் தலைவலிக்கு மாத்திரை வாங்க அந்தக் கடையில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு பெண்மணி மருத்துவரின் சீட்டை நீட்டினார். கடைக்காரர் விலையைச் சொன்னார். அந்த அம்மையார் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சத்து மாத்திரை மட்டும் பத்து நாளைக்குக் குடுங்க அண்ணாச்சி. மத்தது கெடக்கட்டும். இது என்ன சாகுற சீக்கா?"

தமக்கையார் அவரை நிழலில் அமர்த்திப் பேச்சுக் கொடுத்தார். ஒரு காலத்தில் முத்துக்கும் குதிரைக்கும் பேர்பெற்றிருந்த பழையகாயல் பக்கத்து உப்பளங்களில் உப்புச் சுமப்பது அவருடைய தொழில். முப்பத்தாறாம் வயதில், மிகுந்த உதிரப்போக்குக்காக அவருடைய கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கூடவே சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அதன் பின் என்ன நேரும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. இப்போது வயது நாற்பத்தொன்று. நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று அனல் எழுகிறது. உடல் வேர்வையில் நனைந்து பின் குளிர்கிறது. இரவில் உறக்கம் இல்லை. மேலே வெயில், கீழே உப்பின் கூச்சம், உள்ளே இந்த அனல். மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் உண்டார், குணம் தெரிந்தது, பின் நிறுத்திவிட்டார். மாத்திரையின் விலையோடு பேருந்துக் கட்டணமும், மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் இழக்கும் கூலியும் சேர்ந்து அவரை நிறுத்தச் செய்தன.

ஊர் திரும்பும் பேருந்தில் நாம் அந்த அம்மையாரின் பொறுமையை வியந்து பேசினோம். தமக்கையார் சற்று நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அவளுக்காவது சீட்டு எழுதிக் கொடுக்க ஒரு டாக்டர் இருந்தார். நான் ஏழு வருசம் ராத்தூக்கம் இல்லாமக் கெடந்தேன். யாரும் கேக்கல. 'லாத்தா ரொம்பப் பொறுமைசாலி'ன்னு நீங்கள்ளாம் சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

நமக்கு மறுமொழி கிடைக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் நாம் அறியாதிருந்தோம். அறியாதிருந்தது மட்டுமன்று; அந்த அறியாமைக்குப் பொறுமை என்று அழகிய பெயரும் சூட்டியிருந்தோம். அன்று எழுந்த வினாவையே இங்கு வாசகர்முன் வைக்கிறோம். உயிரைப் போக்காத துன்பம் ஒன்றுக்கு மருந்து இருக்கிறது; அதை அடைய வழி இல்லாதவர் பொறுத்துக்கொள்கிறார். அந்தப் பொறுமை அவருடைய நற்குணமா, நம்முடைய குற்றமா?

முதலில் அந்த நிலை யாதெனத் தெளிவோம். பெண்ணின் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. நடுவயதில் அச்சுரப்பு குன்றி மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நேர்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. சிலருக்கு இம்மாற்றம் ஓசையின்றிக் கடந்துபோகும். பலருக்கு அனல், வேர்வை, உறக்கமின்மை, மனச்சோர்வு, மூட்டு வலி, மறைவிட வறட்சி என்று ஆண்டுக்கணக்கில் நீளும். எலும்பின் வலிமையும் குறையத் தொடங்குகிறது. இன்று இந்தியப் பெண்ணின் சராசரி ஆயுள் 70-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே வாழ்வில் மூன்றில் ஒரு பங்கை அவள் இந்நிலையிலேயே கழிக்கிறாள்.

அறுவையினால் சினைப்பைகளை இழந்தவர்க்கோ இம்மாற்றம் படிப்படியாக வருவதில்லை. ஓரிரு நாளில் வந்து விழுகிறது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தாலும் சற்று முன்னதாகவே வந்துவிடுவதுண்டு. 2015–16-ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு மூவருக்கு மேற்பட்டோர் கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்கள். தேவையற்ற அறுவைகள் பல நடைபெறுகின்றன என்ற முறையீட்டை விசாரித்த உச்ச நீதிமன்றம், 2023 ஏப்ரலில், அவற்றைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் நிறைவேற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. நன்று. ஆனால் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டவர்களின் எஞ்சிய வாழ்நாளைப் பற்றி யார் கேட்கிறார்கள்? இளமையிலேயே இந்நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள், வேறு தடை இல்லையாயின், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயதுவரையிலேனும் ஹார்மோன் மருந்து உட்கொள்வது நலம் என்பது மருத்துவ உலகின் பொதுக்கருத்து. எலும்பையும் இதயத்தையும் காப்பதற்கும் அது தேவைப்படுகிறது. சாயர்புரத்து அம்மையார் விட்டுவிட்டது அத்தகைய மருந்தையே.

இனி அம்மருந்தின் வரலாறு. 1942-இல் அமெரிக்காவில் பிரெமரின் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்டது அது. மார்க்கப் பேணுதல் உள்ள நம் தாய்மார்கள் பலர் அதைக் கேட்டாலே தயங்குவார்கள், தயக்கம் நியாயமானதே. ஆனால் அதே பத்தாண்டில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலார் மெக்சிகோ நாட்டுக் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து புரோஜெஸ்டிரோனைச் செய்து காட்டினார். இன்று தாவரப் பொருளை மூலமாகக் கொண்டு, மனித உடலில் ஊறும் அதே எஸ்ட்ரடயாலையும் அதே புரோஜெஸ்டிரோனையும் ஆலைகளில் ஆக்குகிறார்கள். உடல் சுரப்பதோடு அணுவுக்கு அணு ஒத்திருத்தலால் இவற்றை உருவொத்த ஹார்மோன்கள் எனலாம்.

இவ்வரலாற்றில் இரு வகை மிகைகளும் நேர்ந்தன. 1966-இல் ராபர்ட் வில்சன் என்னும் அமெரிக்க மருத்துவர், மாதவிடாய் நிற்றலை ஒரு குறைபாட்டு நோய் என்றும், ஹார்மோன் உண்டால் என்றும் இளமை என்றும் எழுதினார். அவருக்கு மருந்து நிறுவனங்களின் பொருளுதவி இருந்தது பின்னர் வெளிப்பட்டது. 1975-இல், ஈஸ்ட்ரோஜனைத் தனியே உண்டால் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் கூடும் என்று தெரியவந்தது. கர்ப்பப்பை உள்ளவர்கள் புரோஜெஸ்டிரோனையும் சேர்த்து உண்ணும் முறை அதன் பின்னரே நிலைபெற்றது.

2002 ஜூலையில் மற்றோர் இடி விழுந்தது. அமெரிக்காவில் நடந்த பேராய்வு ஒன்று இடையில் நிறுத்தப்பட்டது. குதிரை ஈஸ்ட்ரோஜனையும் செயற்கை வகை மருந்தொன்றையும் சேர்த்து உண்டவர்களிடையே, பதினாயிரம் பேருக்கு ஆண்டுக்கு 8 பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் மிகுந்து காணப்பட்டது. உலகெங்கும் மருத்துவர்கள் அஞ்சி எழுதுவதையே நிறுத்தினர். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்தாண்டுக்குள் தொடங்குவோர்க்குப் பெரும்பாலும் தீமையைவிட நன்மையே மிகுதி என்பது பிந்திய ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும் அம்மருந்துகளின்மேல் பொறிக்கப்பட்டிருந்த கடும் எச்சரிக்கையை நீக்க முற்படுவதாக அறிவித்தது. ஆயினும் மார்பகப் புற்றுநோய் கண்டவர்க்கும், இரத்தக் கட்டி, கல்லீரல் நோய் உடையவர்க்கும் பொதுவாக இது ஆகாது. மருத்துவரின் கண்காணிப்பு யாவர்க்கும் வேண்டும்.

ஆகவே இது அமுதமும் அன்று, நஞ்சும் அன்று. தக்கவருக்குத் தக்க காலத்தில் தக்க அளவில் பயன்தரும் மருந்து. அவ்வளவே.

இப்போது மார்க்கத்தின் பக்கம் திரும்புவோம். மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபிகள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வினவியபோது, செய்துகொள்ளுமாறும், முதுமை ஒன்றைத் தவிர மற்றெல்லா நோய்க்கும் இறைவன் மருந்து வைத்திருப்பதாகவும் அவர்கள் அருளியது ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. இதைக் கொண்டே சிலர், "மாதவிடாய் நிற்பது முதுமையின் அடையாளம், முதுமைக்கு மருந்தில்லை, பொறுப்பதே கடமை" என்பர். முதுமையை அழிக்க மருந்தில்லை என்பது உண்மை. வில்சனின் வாக்குறுதி பொய்த்ததும் அதனாலேயே. ஆனால் முதுமையோடு வரும் துன்பத்தைத் தணிக்கக் கூடாது என்று எவர் சொன்னார்? வெள்ளெழுத்தும் வயதின் விளைவே. நாற்பதைக் கடந்த ஆண்மக்கள் மூக்குக்கண்ணாடி அணிந்துகொண்டுதானே திருமறை ஓதுகிறோம்? கண்ணாடி வாங்குகையில் எவரும் நமக்குப் பொறுமையைப் போதிப்பதில்லை. மேலும், முப்பத்தாறு வயதில் கத்தியால் வந்ததை முதுமை என்று எந்த அகராதி சொல்லும்?

பொறுமையின் சிகரமாக நாம் போற்றுவது நபி ஐயூப் (அலை) அவர்களை. அவர்களுடைய வரலாற்றைத் திருமறை எவ்வாறு முடிக்கிறது? தம்மைத் துன்பம் தீண்டிவிட்டதென அவர்கள் இறைவனிடம் முறையிட்டார்கள். காலால் தரையை உதைக்குமாறு கட்டளை பிறந்தது. குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த நீர் ஊற்றெடுத்தது. முறையிட்டதால் அவர்களுடைய பொறுமை குறையவில்லை. முறையிட்டவரிடம் இறைவன் பொறுமையைப் பற்றி உரை நிகழ்த்தவும் இல்லை, மருந்தை அளித்தான். நாமோ மருந்தை அளிக்காமல் உரை மட்டும் நிகழ்த்துகிறோம்.

இப்பொருளைப் பேசவே நாணுவோரும் உளர். திருமறை நாணவில்லை. மாதவிடாய் நின்றுபோன பெண்களின் இத்தாக் காலம் மூன்று மாதம் என்று தலாக் அத்தியாயம் வரையறுக்கிறது. திருமண நாட்டம் அற்ற மூதாட்டியர்க்கு மேலாடை விஷயத்தில் நூர் அத்தியாயம் சலுகை வழங்குகிறது. பருவம் மாறினால் சட்டமும் இளகும் என்பதே இவற்றால் விளங்குகிறது. மார்க்கத்தை அறிவதில் அன்ஸாரிப் பெண்களுக்கு நாணம் தடையாகவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள். நம் தாய்மார்களோ, ஹார்மோன் உண்ணுங்காலத்தில் மீண்டும் உதிரம் கண்டால் தொழுகை எவ்வாறு என்ற ஐயத்தைக்கூட எவரிடமும் கேட்க இயலாமல், மருந்தையே விட்டுவிடுகிறார்கள். அதைக் கேட்கத்தக்க இடத்தை நாம் அமைக்கவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்ற மேதைகள் மனிதரின் நலன்களை மூன்று படிகளாக வகுத்தார்கள். அவையின்றி வாழ்வே சிதைந்துபோகும் என்பவை ளரூரத். அவையின்றி வாழலாம், ஆனால் இடுக்கண் சூழும் என்பவை ஹாஜத். வாழ்வை அழகுபடுத்துபவை தஹ்ஸீன். நம் காலத்தின் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. வணிகர்கள் இந்த மருந்தை மூன்றாம் படியில் வைத்து, இளமையும் எழிலும் தரும் பொருளாக, பணம் படைத்தவர்க்கு விற்கிறார்கள். ஆட்சியாளரும் சமுதாயத் தலைவர்களும், இது முதற்படியில் இல்லை, ஒருவரும் சாகவில்லை என்று கைவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில், இடுக்கண் நீக்குதல் என்னும் இரண்டாம் படியில் நிற்பவள் சாயர்புரத்துப் பெண். "சாகுற சீக்கா?" என்று அவர் கேட்டது நம்முடைய அளவுகோலையே. அந்த அளவுகோலை நாமே அவர் கையில் கொடுத்தோம்.

நம் நாட்டில் மருந்தே இல்லையா? இருக்கிறது. எஸ்ட்ரடயால் மாத்திரையும் புரோஜெஸ்டிரோன் உறையும் நகரத்து மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் அவை பெரிதும் எழுதப்படுவது யாருக்கு? குழந்தைப்பேறு வேண்டிச் சிகிச்சை பெறுவோர்க்கும் கருத் தங்க வேண்டியோர்க்கும். கர்ப்பப்பை பயன்தரும்வரை அதே மருந்து தேடித்தேடி அளிக்கப்படுகிறது. பயன் ஒழிந்தபின் அவளை நினைவுகூர்வோர் இல்லை. அரசின் திட்டங்களிலும் இதே போக்கைக் காணலாம். 1952-இல் நம் நாடு குடும்பநலத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1987 முதல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் மகப்பேறு நிதி வழங்கப்படுகிறது. இவை போற்றத்தக்கவை. எனினும் ஒரு பெண்ணின் உடலைச் சமுதாயம் மகப்பேற்றின் வழியாகவே பார்த்துப் பழகிவிட்டது என்பதற்கும் இவை சான்று.

செய்ய இயலாததா இது? 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை நிறுவி, மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கி, பிற மாநிலங்களுக்கு வழிகாட்டியது நம் மாநிலமே. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரை கொண்டுவரும் அந்தச் சகோதரி, "இரவில் உறங்குகிறீர்களா அம்மா, உடல் அனல் எழுகிறதா?" என்று ஒரு வினாவைக் கூடுதலாகக் கேட்டால் என்ன? 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களின் நோக்கமே குறைந்த விலைக்கு மருந்து தருவது. கர்ப்பப்பையை எடுக்கும் மருத்துவமனை எதுவாயினும், அதன் பின்விளைவைச் சொல்லி, உரிய மருந்துக்கும் வழிசொல்லி அனுப்புவதைக் கட்டாயமாக்கினால் என்ன? வெளிநாடுகளிலும் முன்மாதிரி இருக்கிறது. 2023 ஏப்ரலில் இங்கிலாந்து, ஆண்டுக்கு ஒருமுறை 19 பவுன் 30 பென்ஸ் செலுத்தினால் இவ்வகை ஹார்மோன் மருந்துகளை ஆண்டு முழுவதும் வேறு கட்டணமின்றிப் பெறலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் ஆஸ்திரேலியா, உருவொத்த ஹார்மோன் மருந்துகள் சிலவற்றை அரசு மானியப் பட்டியலில் சேர்த்தது. அங்கெல்லாம் இது பெண்கள் வாய்திறந்து கேட்டதனால் வந்தது. கேட்கப்படாத மருந்து எந்த அரசின் பட்டியலிலும் தானாக ஏறுவதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கடமையாகிறது. உருவொத்தது, இயற்கையானது என்ற சொற்களைத் தூண்டிலாக்கி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கலந்து தருவதாகக் கூறிப் பெரும் பொருள் பறிப்போர் உலகெங்கும் பெருகியுள்ளனர். அத்தகைய கலவைகளின் பாதுகாப்புக்கும் பயனுக்கும் போதிய சான்றில்லை என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. அதே ஹார்மோன்கள் சோதித்து ஒப்புதல் பெற்ற சாதாரண மாத்திரைகளிலும் களிம்புகளிலும் இருக்கின்றன. ஏழைக்கு மருந்தை மறுப்பது ஒரு கொடுமையெனில், அஞ்சியவளிடம் மாயப்பொருளை விற்பது மற்றொன்று. நம்மை நடுநிலைச் சமுதாயம் என்று திருமறை அழைப்பதன் பொருள் இத்தகைய இடங்களில்தான் சோதிக்கப்படும்.

அரசைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனை, வக்ஃபுச் சொத்தின் வருவாயால், ஏழை செல்வர் என்ற வேற்றுமையின்றி நடந்தது. பெண்களுக்கு அதில் தனிப்பகுதி இருந்தது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர்க்குத் தோன்றியது நமக்குத் தோன்றாததேன்? நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மால் நிதி கல்விக்கும் திருமணத்துக்கும் பேரறுவைகளுக்கும் செல்கிறது. அல்லாஹ் அதற்குக் கூலி வழங்குவானாக. அதில் ஒரு சிறு பங்கைத் தாய்மார்களின் மருத்துவத்துக்கென ஒதுக்கலாம். ஆண்டுக்கு இருமுறை ஒரு பெண் மருத்துவரை மதரஸாவுக்கு அழைத்து, பெண்கள் மட்டும் கூடிப் பேச இடம் கொடுக்கலாம். மார்க்கச் சட்டம் அறிந்த ஓர் ஆலிமாவும் உடனிருந்தால் ஐயங்கள் தீரும். இதற்கு ஆகும் செலவு ஒரு விருந்தின் செலவைவிடக் குறைவு.

மருந்து வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் பெண்ணுக்கு உண்டு. எல்லாவற்றையும் அறிந்து, மருத்துவரைக் கண்டு, விலையும் எட்டும் நிலையில், "நான் தாங்கிக்கொள்கிறேன்" என்று ஒருத்தி முடிவு செய்தால் அது அவளுடைய பொறுமை. அதற்கான நற்கூலி அவளுடையது. அறிவிப்பார் இன்றி, மருத்துவர் இன்றி, பணம் இன்றி ஒருத்தி தாங்கினால், அதைப் பொறுமை என்று புகழ நமக்கு உரிமையில்லை. அது நாம் செலுத்தத் தவறிய கடன். அதை அவள் தன் உறக்கத்தைக் கொண்டு செலுத்துகிறாள்.

சாயர்புரத்திலிருந்து திரும்பிய மறுவாரம் தமக்கையாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். எலும்பைச் சோதித்த அவர், "சில ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கலாமே" என்றார். தமக்கையார் நம்மைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தையும் பொறுமை என்று எழுத நம் பேனாவுக்குத் துணிவில்லை.